திசைகாட்டும் அதிர்வுப் பட்டை: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டறிதல்

இடுப்பைச் சுற்றி எட்டு அதிர்வு மோட்டார்கள் தைக்கப்பட்ட ஒரு எலாஸ்டிக் பட்டை, திசையை அளக்கும் ஓர் உணரி, ஒரு நுண்கட்டுப்படுத்தி, ஒரு சிறிய லித்தியம் பேட்டரி ஆகியவை இருந்தால், தொடுதல் வழியே செய்தி சொல்லும் அணிகருவி ஒன்றை வீட்டிலேயே செய்துவிடலாம். ஜெர்மனியின் ஒஸ்னாப்ரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கோனிக்கின் குழு, எப்போதும் வடக்கை நோக்கியிருக்கும் மோட்டார் மட்டும் அதிரும்படி அமைந்த ஒரு பட்டையைச் சிலருக்குப் பல வாரங்கள் அணிவித்து, அதன் விளைவை 2005இல் வெளியிட்டது. அணிந்தவர்களில் சிலர், தாங்கள் இருக்கும் இடத்தைப் பற்றிய உணர்வே மாறியதாகக் கூறினர். அதன் பிறகு இத்தகைய பட்டைகளை மாணவர்களும் ஆர்வலர்களும் பல வடிவங்களில் செய்துவருகிறார்கள்.

இங்கே சொல்லப்படும் வழிமுறை, 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 3 வோல்ட்டில் இயங்கும் நாணய வடிவக் காயின் மோட்டார்கள் எட்டும் இஎஸ்பி32 என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையும் கொண்ட பட்டைக்கானது. பார்வையற்ற ஒருவர் இதை அணிந்து சாலையில் நடக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அவரால் பலகையில் எரியும் விளக்கைப் பார்த்துப் பிழையை ஊகிக்க முடியாது. பட்டை தவறான திசையைச் சொன்னால், அதை அவர் சரியான திசை என்றே எடுத்துக்கொள்வார்.

எதையும் பிரிப்பதற்கு முன்

இக்கருவியில் பிழை இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: மோட்டாரும் அதன் மின்சுற்றும், எந்த மோட்டார் அதிர வேண்டும் என்று முடிவுசெய்யும் உணரியும் நிரலும், அதிர்வைப் பெறும் தோல். மூன்றாவதைப் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை. நல்ல மின்சுற்றைப் பிரித்துப் போட்டு இரண்டு நாள் தேடிய பிறகு, பட்டை தளர்ந்திருந்ததே காரணம் என்று தெரிந்த நிகழ்வுகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆகவே நிரலில் ஒரு சுற்றுச் சோதனையை நிரந்தரமாக எழுதி வையுங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால், தொப்புளுக்கு நேரே உள்ள மோட்டாரில் தொடங்கி, வலப்பக்கமாகச் சுற்றி, ஒவ்வொரு மோட்டாரும் 300 மில்லி விநாடி அதிர்ந்து 700 மில்லி விநாடி ஓய வேண்டும். இதில் உணரிக்குப் பங்கு இருக்கக்கூடாது. முதலில் பட்டையை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு மோட்டாரையும் விரல்நுனியால் தொட்டபடி சோதனையை ஓட்டுங்கள். பிறகு அணிந்துகொண்டு ஓட்டுங்கள். மேசையிலேயே தவறினால் பிழை மின்சுற்றில் உள்ளது. மேசையில் சரியாக இருந்து இடுப்பில் தவறினால், அணியும் முறையையும் தோலையும் பாருங்கள். இரண்டிலும் சரியாக இருந்து, நடக்கும்போது மட்டும் திசை தவறினால் உணரியையோ நிரலையோ ஆராய வேண்டும்.

ஒரு மோட்டார் மட்டும் அதிரவில்லை

காயின் மோட்டாரின் இரண்டு கம்பிகளும் தலைமுடியைவிடச் சற்றே தடிமனானவை. அவை மோட்டாரின் உடலோடு சேரும் இடத்தில்தான் அறுகின்றன. அணிபவர் குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மடங்குகிறது. மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தால், நல்ல மோட்டார் சில பத்து ஓம்கள் காட்டும். எல்லையற்ற தடை காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. அளக்கும்போது கம்பியை மெல்ல அசைத்துப் பாருங்கள், ஏனெனில் உறைக்குள் அறுந்த கம்பி சில நிலைகளில் ஒட்டிக்கொண்டு நல்லதுபோல் காட்டும். புதிய மோட்டாரைப் பொருத்தும்போது, கம்பி வெளிவரும் இடத்தில் ஒரு சொட்டு சிலிக்கான் பசையிட்டு, அதற்கப்பால் கம்பியை ஒரு சிறு வளைவாகத் தளர்த்தித் துணியோடு தைத்துவிட்டால், இழுவிசை இணைப்புக்குச் செல்லாது.

மின்தடை சரியாக இருந்தால், அந்த மோட்டாரை வேலை செய்யும் வேறொரு இணைப்புக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே அதிர்ந்தால் பழுது மோட்டாரில் இல்லை. அதை இயக்கும் பலகையின் முனையை (பின்) பாருங்கள். இஎஸ்பி32 பலகையில் 34 முதல் 39 வரையுள்ள முனைகள் உள்ளீட்டுக்கு மட்டுமே உரியவை. அவற்றில் எந்த நிரலாலும் மோட்டாரை இயக்க முடியாது. 6 முதல் 11 வரையுள்ளவை பலகையின் நினைவகத்தோடு இணைந்தவை. 0, 2, 12, 15 ஆகியவை பலகை தொடங்கும் கணத்தில் படிக்கப்படுபவை. மோட்டார்ச் சுற்று அவற்றின் நிலையை மாற்றிவிட்டால் பலகையே தொடங்காமல் போகலாம்.

மின்சாரம் தந்தவுடன் எல்லா மோட்டார்களும் ஒரு கணம் அதிர்கின்றன

நிரல் ஓடத் தொடங்கும்வரை முனைகள் எந்த நிலையிலும் கட்டுப்படாமல் மிதக்கின்றன. மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் உள்ளீட்டையும் 10 கிலோ ஓம் மின்தடை வழியே மின்சுற்றின் தரைமுனையோடு (கிரவுண்ட்) இணைத்தால் இது நின்றுவிடும்.

மோட்டாரைத் தட்டினால்தான் சுழல்கிறது, அல்லது அதிர்வு மிக மெல்லியதாக இருக்கிறது

இந்த அறிகுறியை நிதானமாக ஆராய வேண்டும். காயின் மோட்டாருக்குள் சமநிலையற்ற ஒரு எடை சுழல்கிறது. நின்ற நிலையிலிருந்து அதை நகர்த்த ஒரு குறைந்தபட்ச மின்னழுத்தம் தேவை. 3 வோல்ட் மோட்டார்கள் பலவற்றில் அது 2.3 வோல்ட்டை ஒட்டி இருக்கும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அதைவிடக் குறைவான மின்னழுத்தத்திலும் தொடர்ந்து சுழலும். ஆனால் நின்றுவிட்டால் தானாகத் தொடங்காது. தட்டினால் சுழல்வதன் பொருள் இதுதான்.

மின்னழுத்தம் எங்கே குறைகிறது என்று தேடும்போது, மோட்டார்களை இயக்க யுஎல்என்2003 என்ற டிரான்சிஸ்டர் சில்லு பயன்படுத்தப்பட்டிருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். ஏழு மோட்டார்களை ஒரே சில்லில் இணைக்க முடிவதாலும், மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடுகள் உள்ளேயே இருப்பதாலும் அது பலருக்கும் பிடித்தமானது. ஆனால் அதன் டார்லிங்டன் டிரான்சிஸ்டர் இணை ஏறத்தாழ 0.9 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்கிறது. 3.3 வோல்ட் மின்வழங்கலில் மோட்டாருக்கு எஞ்சுவது 2.4 வோல்ட்தான். மெல்லிய கம்பியிலும் தளர்ந்த இணைப்பிலும் இன்னும் சிறிது குறைந்தால், சில மோட்டார்கள் தொடங்கும், சில தொடங்கா. எட்டு மோட்டார்களில் எது பழுதடைந்தது என்று தேடிக்கொண்டிருப்போம், உண்மையில் எட்டுமே விளிம்பில் நின்றுகொண்டிருக்கும். குறைந்த மின்னழுத்தத்தில் முழுமையாகத் திறக்கும் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் ஒன்றை, எடுத்துக்காட்டாக ஏஓ3400ஐ, ஒவ்வொரு மோட்டாருக்கும் தனியாகப் பொருத்தினால் இந்த இழப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். எளிதில் கிடைக்கிறது என்பதற்காக பிசி547 டிரான்சிஸ்டரைப் பயன்படுத்த வேண்டாம். அதன் உச்சவரம்பு 100 மில்லி ஆம்பியர், மோட்டார் தொடங்கும் கணத்தின் மின்னோட்டமோ அதை எட்டிவிடக்கூடியது.

மோட்டாரை நுண்கட்டுப்படுத்தியின் முனையிலேயே நேராக இணைத்திருந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். அந்த முனைகள் இந்த மின்னோட்டத்துக்காக அமைக்கப்பட்டவை அல்ல. இன்று மெல்ல அதிர்ந்தாலும் நாளை பலகை பழுதாகும்.

மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் துடிப்பு அகலப் பண்பேற்றத்தால் (பிடபிள்யூஎம்) வலிமையைக் குறைத்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். முதல் 40 மில்லி விநாடிக்கு முழு வலிமையும், அதன் பின் வேண்டிய வலிமையும் தந்தால் மோட்டார் தவறாமல் தொடங்கும். முழுதும் மின்னேற்றம் பெற்ற லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் தருவதால், அதிலிருந்து நேராக இயக்கும்போது துடிப்பின் அகலத்தை அதிகபட்சம் ஏறத்தாழ 71 விழுக்காட்டில் நிறுத்தினால் சராசரி 3 வோல்ட்டைத் தாண்டாது. அதிர்வோடு மெல்லிய கீச்சொலியும் கேட்டால், துடிப்பின் அதிர்வெண்ணை 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உயர்த்துங்கள்.

மோட்டார் அதிரும்போது பலகை மீண்டும் தொடங்குகிறது, அல்லது உணரி உறைந்துவிடுகிறது

இஎஸ்பி32 தன் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதைக் கண்டால் தானாகவே மீண்டும் தொடங்கும். தொடர் வெளியீட்டுத் திரையில் பிரவுன்அவுட் என்ற செய்தி தோன்றும். அச்செய்தி இருந்தால் மின்வழங்கல்தான் பிரச்சினை. மோட்டார்களுக்கான மின்சாரத்தைப் பலகையின் 3.3 வோல்ட் முனையிலிருந்து எடுக்காமல் பேட்டரியிலிருந்தே தனிக்கம்பியில் எடுத்து, மோட்டார்களுக்கு அருகே 220 அல்லது 470 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றைப் பொருத்துங்கள். இரண்டு மோட்டார்கள் ஒன்றாகத் தொடங்க வேண்டிய இடத்தில் 20 மில்லி விநாடி இடைவெளி கொடுங்கள். தோல் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, பேட்டரிக்கோ அது பெரிய உதவி.

அச்செய்தி இல்லாமல் பலகை ஒழுங்கற்று மீள்தொடக்கம் செய்தால் டையோடைப் பாருங்கள். மோட்டாரை நிறுத்தும் கணத்தில் அதன் சுருள் எதிர்மின்னழுத்த வீச்சு ஒன்றை எழுப்புகிறது. அதை அடக்க மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே டையோடு இருக்க வேண்டும், அதன் கோடிட்ட பக்கம் நேர்முனையை நோக்க வேண்டும். யுஎல்என்2003இல் பொதுமுனையை மோட்டார்களின் நேர்முனையோடு இணைக்காவிட்டால், உள்ளே டையோடுகள் இருந்தும் பயனில்லை.

மோட்டார் ஒரே ஒருமுறை தட்டிவிட்டு நின்றுவிடுகிறது

உங்களிடம் இருப்பது காயின் மோட்டார் அல்ல, நேர்கோட்டு ஒத்ததிர்வு இயக்கி. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இதில் சுருள்வில்லில் தொங்கும் ஓர் எடை முன்னும் பின்னும் ஆடுகிறது. அதற்குத் தன் ஒத்ததிர்வு எண்ணிலேயே மாறுதிசை மின்சாரம் தேவை, பெரும்பாலும் 175 அல்லது 235 ஹெர்ட்ஸ். நேர்மின்சாரம் கொடுத்தால் எடை ஒருபுறம் ஒதுங்கி நின்றுவிடும். அந்த ஒரு தட்டுதான் உங்களுக்குக் கேட்டது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸின் டிஆர்வி2605எல் போன்ற இயக்கிச் சில்லைப் பயன்படுத்தினால் இது தீரும், ஆனால் அச்சில்லில் வழுக்கும் இடங்கள் மூன்று உண்டு. அது முதலில் சுழல் மோட்டாருக்கான அமைப்பிலேயே இருக்கும். ஒத்ததிர்வு வகைக்கு மாற்றி, அதற்குரிய அதிர்வு வடிவங்கள் கொண்ட ஆறாம் நூலகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தானியங்கு அளவுத்திருத்தத்தை, இயக்கி மேசையில் தளர்ந்து கிடக்கும்போது செய்யாமல், பட்டையில் இறுகப் பொருத்திய பிறகு செய்ய வேண்டும். தளர்ந்த நிலையில் கிடைக்கும் அளவுகள் பொருத்திய நிலைக்கு உதவா. மூன்றாவதாக, சில்லுகளும் பலகையும் பேசிக்கொள்ளும் ஐ2சி இணைப்பில் அச்சில்லின் முகவரி மாற்ற முடியாதது, பதினாறடிமான எண்ணில் 5ஏ. எட்டுச் சில்லுகளை ஒரே இணைப்பில் மாட்டினால் எட்டும் ஒன்றாக அதிரும். எட்டுத் தடங்களைப் பிரித்துத் தரும் டிசிஏ9548ஏ சில்லை இடையில் வைத்து, ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு இயக்கிச் சில்லை இணைப்பதே வழி.

சுற்றுச் சோதனை சரி, ஆனால் திசை தவறுகிறது

தவறு எப்படிப்பட்டது என்று முதலில் அறியுங்கள். திசை உறுதியாகத் தெரிந்த ஒரு திறந்த வெளியில், நான்கு திசைகளையும் பார்த்து ஒவ்வொன்றாக நின்று, எந்த மோட்டார் அதிர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்குக் கால் மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் நிரலைத் திருத்துவது வீண்.

நான்கிலும் ஒரே அளவு தவறினால், உணரி பட்டையில் திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கிறது. நிரலில் ஒரு மாறிலியைக் கூட்டினால் முடிந்தது. வடக்கும் தெற்கும் சரியாக இருந்து, கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருந்தால், கோணத்தின் குறி தலைகீழாக உள்ளது. அணிந்தவர் வலப்பக்கம் திரும்பும்போது அதிர்வு அவர் உடலில் இடப்பக்கமாக நகர வேண்டும், ஏனெனில் வடக்கு நிலைத்து நிற்கிறது, திரும்புவது உடல்தான்.

நிற்கும் திசைக்கேற்பத் தவறின் அளவு மாறினால், உணரியைச் சுற்றி ஒரு நிலைக்காந்தம் இருக்கிறது. பெரும்பாலும் அது நாமே வைத்ததுதான். ஒவ்வொரு காயின் மோட்டாருக்குள்ளும் ஒரு காந்தம் உண்டு, அதன் அருகே திசையுணரியை வைப்பது திசைகாட்டியின் பக்கத்தில் காந்தத்தை வைப்பதற்குச் சமம். இரண்டு மோட்டார்களுக்கு நடுவே, இரண்டிலிருந்தும் இயன்ற அளவு விலக்கி உணரியைப் பொருத்துங்கள். இரும்புக் கொக்கியை நீக்கிப் பிளாஸ்டிக் கொக்கி வையுங்கள். மோட்டார்களுக்குச் செல்லும் இரு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்தால் அவற்றின் மின்னோட்டம் எழுப்பும் காந்தப்புலம் பெரிதும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். அதன் பிறகே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும், அதுவும் எல்லா உறுப்புகளும் பட்டையில் இருக்கும் நிலையில். உணரியைத் தனியாகக் கையில் பிடித்து எட்டு வடிவில் ஆட்டிவிட்டுப் பிறகு பட்டையில் தைத்தால், செய்த திருத்தம் அங்கே செல்லாது.

இடத்துக்கு இடம் தவறினால், பழுது கருவியில் இல்லை. கம்பி நிறைந்த கான்கிரீட் கட்டடம், நிறுத்தி வைத்த வண்டிகள், இரும்புக் கதவு ஆகியவற்றின் அருகே புவிக்காந்தப் புலமே வளைந்திருக்கிறது. நிரல் புலத்தின் மொத்த வலிமையைக் கவனித்து, அது வழக்கமான அளவிலிருந்து மிகவும் விலகினால் திசை சொல்வதை நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் அது 3 டிகிரிக்கும் குறைவு, ஒரு மோட்டாரின் பங்கோ 45 டிகிரி.

நேராக நிற்கும்போதே இரண்டு மோட்டார்கள் மாறி மாறி அதிர்கின்றன

அணிந்தவர் இரு மோட்டார்களின் எல்லைக்கோட்டில் நிற்கிறார். உணரியின் சிறு நடுக்கமும் மூச்சின் அசைவும் கோணத்தை இருபுறமும் தள்ளுகின்றன. ஒரு மோட்டாரிலிருந்து அடுத்ததற்கு மாற, எல்லையை 6 அல்லது 8 டிகிரி தாண்டியிருக்க வேண்டும் என்று நிரலில் விதித்தால் நின்றுவிடும்.

மேசையில் நன்றாக அதிர்கிறது, இடுப்பில் தெரியவில்லை

விரல்நுனி உடலின் மிக நுண்ணிய தொடுபுலப் பகுதிகளுள் ஒன்று. அது இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளையும் பிரித்தறியும். முதுகுக்கு அதே வேலைக்கு ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் தேவை. ஆகவே விரலுக்குப் போதிய அதிர்வு இடுப்புக்குப் போதும் என்று கொள்ளக்கூடாது.

தோலின் ஆழத்தில் உள்ள பசினியன் நுண்ணுறுப்புகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வையே மிக எளிதாக உணர்கின்றன. காயின் மோட்டார் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுழலும்போது 200 ஹெர்ட்ஸ் தருகிறது. மின்னழுத்தத்தைக் குறைத்தால் அதன் வேகம் குறைகிறது. வேகத்தோடு அதிர்வெண்ணும் குறைகிறது. விசையோ வேகத்தின் இருமடிப்படி குறைகிறது. பாதி வேகத்தில் ஓடும் மோட்டார் கால் பங்கு விசையையே தரும், அதையும் தோலுக்கு எளிதில் எட்டாத 100 ஹெர்ட்ஸில் தரும். பேட்டரியை மிச்சப்படுத்த வேண்டுமானால் வலிமையைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள்.

பிறகு பட்டையின் இறுக்கத்தைப் பாருங்கள். நிற்கும்போது சரியாக இருக்கும் பட்டை, உட்கார்ந்தால் வயிற்றருகே மடிந்து, முதுகில் விலகி நிற்கும். மெல்லிய பருத்தி உள்சட்டையின்மேல் அணியலாம். ஜீன்ஸின் தடித்த இடுப்புமடிப்பின்மேலோ பல சுற்றுப் புடவை மடிப்பின்மேலோ அணிந்தால் அதிர்வு துணியிலேயே அடங்கிவிடும். ஒவ்வொரு மோட்டாரும் தோல் பக்கம் இரண்டு மில்லிமீட்டராவது புடைத்திருப்பது நல்லது.

அதிர்வு தெரிகிறது, ஆனால் எந்தப் பக்கம் என்று புலப்படவில்லை

பட்டையின் துணி விறைப்பாக இருந்தால் ஒரு மோட்டாரின் அதிர்வு முழுப் பட்டையிலும் பரவும். ஒவ்வொரு மோட்டாரையும் மென்மையான நுரைப்பஞ்சுத் துண்டில் பதித்துப் பட்டையிலிருந்து பிரித்துவிடுங்கள். 80 சென்டிமீட்டர் இடுப்பில் எட்டு மோட்டார்கள் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் அமர்கின்றன, அது போதுமானது. பதினாறாக்கினால் இடைவெளி 5 சென்டிமீட்டராகி, தோலின் எல்லையை நெருங்கிவிடும். மோட்டார்களைக் கூட்டுவதால் தெளிவு கூடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. மனித இடுப்பு வட்டமானதல்ல, அகலமானது. அளவுநாடாவில் சம இடைவெளி விட்டுத் தைத்த மோட்டார்கள் உடலின் மையத்திலிருந்து பார்க்கும்போது சம கோணத்தில் அமைவதில்லை. தொப்புளும் முதுகெலும்பும் தோல் மிகத் துல்லியமாக இடம் அறியும் இரு நங்கூரங்கள். முதலில் அவ்விரண்டையும் குறித்து, அடுத்து இரு பக்கவாட்டையும், கடைசியாக இடைப்பட்ட நான்கையும் அணிபவர் சொல்லும் இடத்தில் வையுங்கள். "இப்போது எந்தப் பக்கம் அதிர்கிறது?" என்று கேட்டு, அவர் கைகாட்டும் திசைக்கேற்ப மோட்டாரை நகர்த்தினால், ஒருவரது பட்டை மற்றொருவருக்குப் பொருந்தாது என்பது உடனே விளங்கும்.

அரை மணி நேரத்துக்குப் பின் அதிர்வு மங்குகிறது

பேட்டரி இறங்கியிருக்கலாம், தோல் பழகியிருக்கலாம். மல்டிமீட்டரை எடுப்பதற்கு முன்னர், பட்டையைப் பத்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் அணியுங்கள். அதிர்வு பழைய வலிமையோடு தெரிந்தால் மங்கியது தோலின் உணர்வு. இடைவிடாத அதிர்வுக்குத் தோல் விரைவில் பழகிவிடுகிறது. ஆகவே விநாடிக்கு ஒருமுறை 200 மில்லி விநாடி அதிர்ந்தால் போதும், நேராக நடக்கையில் அதையும் மூன்று விநாடிக்கு ஒருமுறையாக்கலாம். 50 மில்லி விநாடியைவிடக் குறுகிய துடிப்புகளைக் காயின் மோட்டாரிடம் எதிர்பார்க்க வேண்டாம், அது வேகம் எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மங்குவதற்குப் பதிலாக மரத்துப்போனால் அல்லது தோல் சிவந்தால், அன்றைக்குப் பட்டையை அணியக்கூடாது.

சில வாரங்களில் ஒவ்வொன்றாகப் பழுதாகிறது

வியர்வை. இணைப்புகளில் பச்சை படிந்திருக்கும். சால்டர் செய்த ஒவ்வொரு இணைப்பையும் சுருங்கும் குழாயால் மூடுங்கள். மோட்டார்களைக் கழற்றிவிட்டுத் துணியைத் துவைக்க முடியும்படி தையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மின்னேற்றாமல், குத்தாமல், உடனே பட்டையிலிருந்து நீக்கிவிடுங்கள்.

பட்டை அமைதியாக இருக்கிறது

இந்த அறிகுறியை நான் முதன்முதலில் ஒரு பார்வையற்ற நண்பரிடமிருந்து அறிந்தேன். நிரலில், செல்ல வேண்டிய திசையை நோக்கி நடந்தால் பட்டை அதிராமல் இருக்கும்படி எழுதியிருந்தேன். பேட்டரி தீர்ந்தபோதும் அது அதிரவில்லை. சரியான வழியில் செல்வதாக நம்பி அவர் ஒரு தெருவைத் தாண்டிச் சென்றுவிட்டார். மின்சுற்றிலும் உணரியிலும் எந்தப் பழுதும் இல்லை. இரண்டு வெவ்வேறு செய்திகளுக்கு ஒரே அமைதியை வைத்ததுதான் பிழை.

இப்போது நான் செய்யும் பட்டைகளில், எல்லாம் சரியாக இருக்கும்போது 20 விநாடிக்கு ஒருமுறை முதுகெலும்பருகே இரண்டு மெல்லிய தட்டுகள் வரும். பேட்டரி 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தொப்புளருகே மூன்று நீண்ட துடிப்புகள் வரும். திசையுணரியை நம்ப முடியாதபோது எட்டு மோட்டார்களும் இருமுறை அதிர்ந்து, பிறகு திசை சொல்வது நின்றுவிடும். சுற்றுச் சோதனைக்கான பொத்தான் மேலே ஒரு புடைத்த புள்ளி வைத்திருக்கிறேன், அணிபவர் பிறரைக் கேட்காமல் தானே தடவிக் கண்டுபிடித்து அழுத்துவதற்காக.